கடற்கட்டியும் கற்றுக்குட்டியும்

மன்னார் நகருக்கு மேற்கே, தீவின் தென்கரையில், மன்னார்க் குடாவை நோக்கி அமைந்துள்ள மீனவர் ஊர் தாழ்வுபாடு. அக்கரையில் நின்று தெற்கே நோக்குவார்க்கு முன் விரிந்து கிடப்பது, ஒரு காலத்தில் உலகெங்கும் பெயர்பெற்ற முத்துச் சலாபங்கள் நிகழ்ந்த கடலாகும். அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி முதலாய பெருநிலத்துக் கரையூர்கள் சலாபக் காலங்களிற் பெருநகரங்கள்போல மக்கள் நெருக்கம் மிக்கு விளங்கின. குளியாட்களும், வணிகரும், அரசினரும் கூடிய அவ்விடத்தில், இவர்களுள் ஒருவராகவும் அடங்காத மற்றொருவர் இருந்தார். அவர் கடலில் இறங்குவதில்லை, சிப்பி திறப்பதில்லை, ஆயினும் அவர் வந்து சடங்கு முடித்தாலன்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தனர். அவரே சுறா மீன்களின் வாயைக் கட்டுபவராகக் கருதப்பட்ட கடற்கட்டி.

மந்திரத் தொழிலில் வல்லவர் என மதிக்கப்படுவோரைப் பற்றிய செய்திகள் பல உள. அத்தொழிலிற் புதிதாகப் புகுவோர் எவ்வாறு அழைக்கப்பட்டனர், அப்பெயரை அவருக்கு இட்டவர் யார், அப்பெயரால் விளைந்த பயன் யாது என்பன பற்றிச் சிந்தித்தோர் சிலரே. இன்று மேனாடுகளில் தம்மைச் சூனியக் கலையினர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொள்ளும் கூட்டத்தாரிடையே, தொடக்கநிலையாளரை எப்பெயரால் அழைப்பது என்பது ஓயாத வழக்காக உள்ளது. அவ்வழக்கினை விளங்கிக்கொள்வதற்கு மன்னார்க் கடற்கட்டியின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

கடற்கட்டியைப் பற்றிய குறிப்பு மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போர் கொடிய மீன்களுக்கு அஞ்சி மந்திரம் வல்லாரைக் கூலிக்கு அமர்த்தினர் என்றும், கிடைத்த பொருளில் இருபதில் ஒரு பங்கு அவர்க்குச் சென்றது என்றும் எழுதியுள்ளார். அவர் தரும் செய்திகளுள் ஒன்று நுட்பமானது. மந்திரக்கட்டு பகற்பொழுதுக்கு மட்டுமே உரியது. இரவில் அதனை அவிழ்த்துவிடுவர். அதனால் இரவிற் களவாகக் குளிக்க எவரும் துணியார். கட்டுதலோடு அவிழ்த்தலும் அறிந்தவனே அத்தொழிலுக்கு உரியவன் என்பது இதனாற் பெறப்படும். தமிழ் மாந்திரிக நூல்கள் கூறும் அட்டகன்மங்களாகிய வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என்பவற்றுள் இச்செயல் தம்பனத்தின்பாற்படும். தம்பனமாவது இயங்கும் ஒன்றனை இயங்காது நிறுத்துதல்.

1803இல் வெளியான இலங்கை பற்றிய நூலில், றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் இம்மந்திரகாரரை ஒரு தமிழ்ப் பெயராற் குறிக்கின்றார். ஆங்கில எழுத்திற் சிதைந்து காணப்படும் அப்பெயர் பில்லிக்காரர் என்பதன் திரிபாகலாம். அவர் கூறும் நிகழ்ச்சியொன்று வருமாறு: ஒரு பருவத்திற் குளியாள் ஒருவனின் காலைச் சுறா கவ்விக் கொண்டுபோயிற்று. மந்திரகாரரை அழைத்துக் காரணம் வினவினர். தம்மோடு பகைகொண்ட முதிய சூனியக்காரி ஒருத்தி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்றும், அதனைத் தாம் காலந்தாழ்த்தி அறிந்தமையால் இவ்விடர் நேர்ந்தது என்றும், இனி அவ்வாறு நேராது என்றும் அவர் விடையிறுத்தார். அவர்தம் நற்பேற்றினால் அப்பருவத்தில் வேறு விபத்து நிகழவில்லை.

இந்நிகழ்ச்சியை நகைப்புக்குரியதாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. குளியாளின் கால் போனவுடன், வினவுதற்கு உரியவர் ஒருவர் கரையில் இருந்தார். கடற்கட்டி என்ற பெயரை ஏற்றவர் அப்பெயரின் பொறுப்பையும் ஏற்க நேர்ந்தது. இது முதலாவது. அவர் அப்பொறுப்பினை முகமறியாத ஒரு பெண்மீது சுமத்தித் தாம் தப்பினார். இது இரண்டாவது. பின்னதன் கொடுமை இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஆராயப்படும்.

பேர்சிவலுக்கு அரை நூற்றாண்டின் பின், இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக 1845 முதல் 1850 வரை பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் நூலிற் கடற்கட்டியைப் பற்றி எழுதுகின்றார். அவ்வாற்றல் ஒரு குடும்பத்திற் பரம்பரையாக வருவதாக மக்கள் நம்பினர். அக்காலத்தில் அக்குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். அதனால் மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் கருதவில்லை. ரெனன்ற் சென்ற காலத்தில் அவர் நோயுற்றிருந்தமையால், தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். அப்பதிலாள் ஒன்றனையும் மறைக்காது உண்மை பேசினார். அம்மறைபொருளைத் தாம் அறியார் என்றும், எனினும் பெரியவரின் பேராளாகத் தாம் அங்கு நிற்பதைச் சுறாக்கள் அறிந்து மதிக்கும் என்றும் அவர் கூறினார்.

மன்னார்க் கரையில் நின்ற தொடக்கநிலையாளரைக் கண்முன் காட்டும் அரிய சான்று இதுவாகும். அவர் மந்திரம் அறியார். தாம் அறியாமையை மறைக்கவும் இல்லை. அவர்க்கென ஒரு தனிப் பெயரும் இல்லை. தம்மை அனுப்பியவரின் பெயரே அவர்க்கு நிழலாயிற்று. தவறு நேரின் வினவப்படுபவரும் அப்பெயருக்கு உரியவரே. தொடக்கநிலையாளன் தன் பெயரில் நில்லாது ஆசிரியன் பெயரில் நிற்றல் என்னும் இவ்வொழுங்கு, கீழைநாட்டுக் கலைகள் பலவற்றுக்கும் பொதுவானதாகும்.

சைவ மரபில் இவ்வொழுங்கு நன்கு வரையறை செய்யப்பட்டுள்ளது. தீட்சை பெற்றோரைச் சமயி, புத்திரகன், சாதகன், ஆசாரியன் என ஆகமங்கள் வகைப்படுத்துகின்றன. சமய தீட்சை பெற்றவன் இன்ன வழிபாட்டுக்கு உரியன், இன்னதற்கு உரியனல்லன் என்பது அப்பெயரிலேயே அடங்கும். பிறர்க்குத் தீட்சை அளிக்கும் தகுதி ஆசாரியாபிடேகம் பெற்றவனுக்கே உண்டு. ஈழத்துச் சைவப் பாடசாலை மாணவர் பலர் சமய தீட்சை பெறும் வழக்கம் உடையர். ஆயினும் அவருள் ஒருவரும் அன்று மாலையே தம்மை ஆசாரியர் என்று கூறிக்கொள்வதில்லை. தகுதியை வழங்கும் பெயரே அதன் எல்லையையும் உடன் வழங்கிவிடுகின்றது.

சபரிமலை யாத்திரையில் இதன் இனிய வடிவத்தைக் காணலாம். முதன்முறை மாலை அணிபவர் கன்னிச்சாமி எனப்படுவர். பல ஆண்டுகள் மலையேறிய குருசாமி அவர்க்கு மாலை அணிவித்து, விரதம் கற்பித்து, இருமுடி கட்டித் தருவார். கன்னிச்சாமியின் அறியாமை அங்கு இழிவாகக் கருதப்படுவதில்லை. கன்னிச்சாமிகள் ஒருவரேனும் வாராத ஆண்டிலேயே தம்மை மணப்பதாக ஐயப்பன் மாளிகைப்புறத்து அம்மனுக்கு வாக்களித்தார் என்பது ஐதிகம். சரங்குத்தியில் அவர்கள் குத்திச் செல்லும் சரங்கள், அவ்வாண்டும் கன்னியர் வந்தனர் என்பதற்குச் சான்றாகும். தெய்வத்தின் திருமணத்தையே தள்ளிவைக்கும் சிறப்புத் தொடக்கநிலையாளனின் பெயருக்கு அளிக்கப்பட்டமை எண்ணுதற்குரியது.

கல்வித் துறையில் நன்னூலார் வேறொரு வழியைக் காட்டுகின்றார். மாணாக்கரை அவர் புதியர், பழையர் என்று பிரிக்கவில்லை. அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைமாணாக்கர் என்பது அவர் பகுப்பு. கற்ற காலத்தை நோக்காது கற்கும் முறையை நோக்கியே இப்பெயர்கள் இடப்பட்டன. நெய்யரி நெய்யை விட்டு அழுக்கைப் பற்றுவது. ஆண்டு பல கற்றும் நெய்யரியாக இருப்பவர் உண்டு. முதல் நாளிலேயே அன்னமாக இருப்பவரும் உண்டு. சிங்கள மக்களின் சாந்திச் சடங்கு மரபிலும் குருன்னான்சே எனப்படும் ஆசானின்கீழ்க் கோலயா எனப்படும் மாணவன் நெடுங்காலம் பணிசெய்து கற்பதே வழக்கம். பேச்சுத் தமிழிலோ, ஆசிரியன் துணையின்றி அரைகுறையாகக் கற்றுத் தானே தொழில் தொடங்குபவனைக் கற்றுக்குட்டி என எள்ளிக் கூறுவர். கன்னிச்சாமி என்பது அன்போடு இடும் பெயர். கற்றுக்குட்டி என்பது எச்சரிக்கையாக இடும் பெயர். இருவரும் புதியரே, வேறுபாடு, அவர் பின்னே ஓர் ஆசான் நிற்கின்றாரா என்பதில் உள்ளது.

இனி மேனாட்டு வழக்கினை நோக்குவோம். இன்று விக்கா என வழங்கும் புதிய சூனியக் கலைச் சமயத்தை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். 1884இற் பிறந்த அவர், 1900ஆம் ஆண்டில் இளைஞராக இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களிலும் பின்னர் இறப்பர்த் தோட்டத்திலும் பணியாற்றினார் என்பது பலரும் அறியாத செய்தி. 1910இற் கொழும்பில் ஸ்பிங்ஸ் என்னும் பிறீமேசன் சபையில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். சபைக் கூட்டத்துக்குச் செல்வதற்காகத் தோட்டத்திலிருந்து ஹப்புத்தளைப் புகையிரத நிலையம் வரை 15 மைல் நடந்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறும். சேர்ந்த பின் குறுகிய காலத்திலேயே இரண்டாம், மூன்றாம் படிகளையும் பெற்று, அடுத்த ஆண்டிற் சபையைவிட்டு நீங்கினார். பிற்காலத்தில் 1954இல் அவர் வெளியிட்ட சூனியக் கலை பற்றிய நூலினாலும், அவர் அமைத்த குழுக்களினாலும் பரவிய சமயத்தில் மூன்று படிகள் உள்ளன. அப்படிகளும், சடங்குச் சொற்கள் சிலவும் பிறீமேசன் வழக்கோடு ஒத்திருத்தலை வரலாற்றறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

பிறீமேசன் படிகளின் பெயர்களோ கல்தச்சரின் தொழிற் பெயர்களிலிருந்து வந்தவை. முதற்படியினர்க்குரிய பெயரின் பொருள், ஏட்டிற் பெயர் பதியப்பட்ட தொழில்பயில்வோன் என்பதாகும். 1598இல் ஸ்கொத்லாந்து அரசனின் கட்டடப் பணித் தலைவராகிய வில்லியம் ஷோ கல்தச்சர்க்கு விதித்த சட்டங்கள் இதன் உட்பொருளை விளக்கும். தொழில்பயில்வோன் 7 ஆண்டுக்குக் குறையாது ஆசானுக்குக் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும். சிறப்பு இசைவு பெற்றாலன்றி ஓர் ஆசான் தன் வாழ்நாளில் மூவருக்கு மேற்பட்ட மாணவரை ஏற்றல் கூடாது. தொடக்கநிலையாளனுக்கு இடும் பெயரினால் ஆசானின் கைகளும் கட்டுண்டன என்பது இதனால் விளங்கும். முறைப்படி பயிலாது, சாந்தின்றி வெறுங்கல் அடுக்கிச் சுவர் கட்டுபவன் கௌவன் எனப்பட்டான். அவனை வேலைக்குச் சேர்த்தலாகாது என்பதும் அச்சட்டங்களுள் ஒன்று. கார்ட்னர் வழிவந்தோர் தம் நெறியைச் சாராதவரைக் குறிக்கக் கௌவன் என்னும் அச்சொல்லையே வழங்குகின்றனர். கல்தச்சரின் கற்றுக்குட்டி, பல நூற்றாண்டுகள் கடந்து, மந்திரகாரரின் அயலானாக மாறிய கதை இது.

தொடக்கநிலையாளருக்கு மேனாட்டார் வழங்கும் மற்றொரு சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் புதிதாக நடப்பட்டது என்பதாம். தமிழில் நாற்று எனலாம். ஆதிக் கிறித்தவர் புதிதாகச் சமயம் புகுந்தாரை அவ்வாறு அழைத்தனர். அத்தகையோரைச் சபையின் கண்காணிப்பாளராக அமர்த்தின் செருக்குற்று வீழ்வர் என்று பவுலடியார் பெயரால் வழங்கும் திருமுகம் எச்சரிக்கின்றது. 1888இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட பொன்விடியல் என்னும் மந்திரச் சங்கம் அச்சொல்லையே தன் முதற்படிக்குப் பெயராக்கிற்று. நாற்று நட்டவுடன் நெல் அறுப்பார் இல்லை; அச்சொல்லைத் தெரிந்தெடுத்தோரும் இதனை உணர்ந்தே எடுத்திருத்தல் வேண்டும்.

கார்ட்னர் மரபில், சூனியக் கலையினர் ஒருவரைச் சூனியக் கலையினரே ஆக்குதல் கூடும்; புகுவோர் ஓராண்டும் ஒரு நாளும் காத்திருத்தல் வழக்கம். பின்வந்தோர் இக்கட்டினைத் தளர்த்தினர். 1960களில் அம்மரபினை ஐக்கிய அமெரிக்காவிற் பரப்பிய ரேமண்ட் பக்லண்ட், 1974இல் வெளியிட்ட நூலில் வேறொரு பிரிவினை வகுத்து, அதில் ஒருவர் தம்மைத் தாமே அர்ப்பணித்துக்கொள்ளவும் இடமளித்தார். பழைய ஆங்கிலச் சமுதாயத்தின் சொற்களை எடுத்து, புறத்தோர்க்கு அடிமை என்னும் பொருளதொரு சொல்லையும், பயில்வோர்க்கு எளிய குடிமகன் என்னும் பொருளதொரு சொல்லையும், உட்புகுந்தோர்க்கு அரசனின் துணைவன் என்னும் பொருளதொரு சொல்லையும் அவர் வைத்தார். 1988இல் ஸ்கொட் கனிங்காம் எழுதிய நூல், குழுவோ ஆசானோ இன்றித் தனித்து நின்று இந்நெறியைப் பின்பற்றலாம் என்று பல்லாயிரவர்க்குக் கற்பித்தது. இவ்வாறு பெயர் கொடுப்பார் மறைந்து, பெயர் எடுப்பார் மட்டும் எஞ்சினர்.

இன்றைய வழக்கு இவ்விடத்திலேதான் தோன்றிற்று. அண்மைக் காலத்தில் இந்நெறியிற் புகும் இளையோர் பலர் தம்மை மழலைச் சூனியக்காரி என்னும் பொருள்பட அழைத்துக்கொள்கின்றனர். இப்பெயரை விரும்புவோர், இது பணிவைக் காட்டுகின்றது, பிழை செய்யவும் வினவவும் இடந்தருகின்றது என்பர். வெறுப்போர், வளர்ந்த பெண்களைக் குழந்தைகளாக்குகின்றது, மூத்தோர் எனத் தம்மைத் தாமே கூறிக்கொள்வோர் அவர்களை ஆட்டிவைக்க வழிவகுக்கின்றது என்பர். இரு சாராரும் பெயரின் ஒலியைப் பற்றியே வாதிடுகின்றனர். மழலை என்று ஒருவரை அழைப்பின், அம்மழலைக்குத் தாய் யார் என்னும் வினா உடன் எழும். மூத்தோர் என்று ஒருவர் கூறிக்கொள்வின், அவரை மூத்தோராக்கியவர் யார் என்னும் வினாவும் எழும். அவ்வினாக்களுக்கு விடையில்லாவிடத்து எச்சொல்லை வைப்பினும் குறை தீராது.

இங்கே மற்றொரு வேறுபாடும் குறிக்கத்தக்கது. மேனாட்டார் தாமே விரும்பி ஏற்கும் அப்பெயரைத் தமிழிற் சூனியக்காரி என்று பெயர்த்தால் பொருள் முற்றிலும் மாறிவிடும். தமிழ் வழக்கிற் சூனியக்காரி என்பது ஒருத்தி தானே சூடிக்கொள்ளும் பெயரன்று. அயலார் அவள்மீது எறியும் கல்லாகும். மன்னார்க் கடற்கட்டி தம் தோல்வியைச் சுமத்திய மலையாளக் கரை மூதாட்டியை எவரும் கண்டதில்லை. அவள் உண்மையில் ஒருத்தியாக இருந்து, அவ்வூரிலேயே வாழ்ந்திருப்பின் அவள் நிலை யாதாகியிருக்கும் என்பதை இந்திய நாட்டின் அண்மைக்கால வரலாறு காட்டும். சூனியக்காரி என்று பழிசுமத்திப் பெண்களை வதைத்தலையும் கொல்லுதலையும் தடுப்பதற்கு, பீகாரில் 1999இலும், ஜார்க்கண்டில் 2001இலும், ஒடிசாவில் 2013இலும் தனிச் சட்டங்கள் இயற்ற நேர்ந்தது. பெரும்பாலும் கைம்பெண்களும், நிலமுடைய தனிப் பெண்களுமே அப்பெயருக்கு இரையாயினர். அப்பெயருக்குத் தொடக்கநிலை என்பதும் இல்லை. சுமத்தப்பட்ட அன்றே அது முழுப்பெயராகிவிடும்.

இங்கிலாந்தின் சட்ட வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. சூனியம் செய்தாள் என்று பெண்களைத் தூக்கிலிட்ட அந்நாடு, 1735இல் இயற்றிய சட்டத்தாற் சூனியம் என்று ஒன்றில்லை எனக் கொண்டு, அவ்வாற்றல் தமக்குண்டு என்று நடிப்போரை மட்டும் தண்டித்தது. அச்சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன் பின்னரே கார்ட்னர் தம் கொள்கையை வெளிப்படையாக எழுதலாயினார். பிறர் சுமத்திய பெயர் முதலிற் கொலைக்குக் காரணமாயிற்று. பின்னர்த் தாமே கூறிக்கொண்ட பெயர் குற்றமாயிற்று. இறுதியில் அது விருப்பமாயிற்று. இம்மூன்று நிலைகளையும் கடந்த சமுதாயத்திலேயே மழலைச் சூனியக்காரி என்னும் பெயர் விளையாட்டாக வழங்குதல் கூடும். முதல் நிலையிலேயே நிற்கும் ஊரில் அவ்விளையாட்டு உயிரைக் கேட்கும்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், தொடக்கநிலையாளர் பெயர் எதுவாயினும் அதனை மூன்று வினாக்களால் அளந்தறிதல் வேண்டும் என்பதாம். இப்பெயரைக் கொடுத்தவர் யார்? இதனைத் தாங்கியவர் பிழை செய்யின் விடைகூறுபவர் யார்? இப்பெயரைத் தாங்கியவர்க்கு இன்னும் விலக்கப்பட்டது யாது? சமயி, கன்னிச்சாமி, பெயர் பதிந்த கல்தச்சன் ஆகிய பெயர்கள் இம்மூன்றுக்கும் விடை தருகின்றன. தாமே எடுத்த பெயர்கள் முதல் வினாவிலேயே தடுமாறுகின்றன. நோயாலும் இழப்பாலும் நொந்து ஆறுதல் தேடி வருவோர் பெயரை நம்பியே வருகின்றனர். ஆதலின் இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று, அறத்தின்பாற்பட்ட ஆராய்ச்சியுமாகும். மருத்துவம், சோதிடம், ஆசிரியம் முதலாய எத்தொழிலுக்கும் இது பொருந்தும்.

முத்துச் சலாபங்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அருகி மறைந்தன. அவற்றோடு கடற்கட்டியின் தொழிலும் மறைந்தது. தாழ்வுபாட்டு மீனவர் இன்றும் அக்கடலிலேயே தொழில் செய்கின்றனர். அக்கரைகளில் ஒருநாள், தாம் ஒன்றும் அறியார் என்பதை அயல்நாட்டு அலுவலர் ஒருவர்முன் ஒளிக்காது கூறிய அப்பெயரில்லாப் பதிலாளைச் சுறாக்கள் மதித்தனவோ இல்லையோ, கற்போர் மதித்தல் தகும். மறைபொருளை அறியாத நிலையிலும், தாம் யாருடைய பேராள் என்பதையும் தமக்குத் தெரியாதது எது என்பதையும் அவர் தெளிவாக அறிந்திருந்தார்.